பாரிஸில் நான் பார்த்த ஆஸ்பத்திரி

பாரிஸுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், "ஈஃபில் டவரில் ஏறினீர்களா? செண்ட் வாங்கினீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏறினேன், வாங்கினேன். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி. ஊர் சுற்றப் போன இடத்தில் ஆஸ்பத்திரியா என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் ஒரு பெண் அடிக்கடி மயங்கி விழுந்தால் நாம் என்ன சொல்கிறோம்? ஒருவர், "காற்று கருப்பு பட்டிருக்கும்" என்பார். இன்னொருவர், "எல்லாம் வேஷம்" என்பார். மூன்றாமவர், "கால காலத்தில் கல்யாணம் ஆனால் தானாகச் சரியாகி விடும்" என்பார். இந்த மூன்று பேச்சும் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. பிரக்ஞை தப்புவது என்றால் என்ன, அது ஏன் தப்புகிறது என்று மனிதர்கள் தெரிந்து கொள்ளத் தவித்த கதையில் பெரிய பகுதி இந்த ஓர் ஆஸ்பத்திரியின் மதில்களுக்குள் நடந்திருக்கிறது. அதுவும் பெண்களைக் கொண்டே நடந்திருக்கிறது.

என் அண்ணன் மகளைப் புதுச்சேரிக் குடும்பம் ஒன்றில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குப் பாரிஸில் வேலை. ஏழு மாதக் கைக்குழந்தையோடு அவள்தான் எனக்கு வழிகாட்டி. "ஏன் அத்தை, ஊரெல்லாம் பாக்க எவ்வளவோ இருக்கு, உங்களுக்கு ஆஸ்பத்திரிதானா கெடச்சுது?" என்று சிரித்துக் கொண்டேதான் கிளம்பினாள். நம் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் லா ஷப்பேல் பகுதியில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிப் பையில் போட்டுக் கொண்டு, பக்கத்தில் இருக்கும் வடக்கு ரயில் நிலையத்தில் ஐந்தாம் நம்பர் மெட்ரோ ஏறினோம். பூமிக்கடியில் போய்க் கொண்டிருந்த ரயில் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து, ஸேன் நதியைப் பாலத்தின் மேல் கடக்கிறது. அதைத் தாண்டி ஸேன் மார்ஸெல் என்ற நிறுத்தத்தில் இறங்கினால், சாலையை ஒட்டி நீளமான பழைய கட்டிடம். அதுதான் சால்பெத்ரியேர்.

பெயரைச் சொல்ல நாக்கு சுளுக்கிக் கொள்ளும். ஆனால் பொருள் எளிது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெயரால் வந்தது. முதலில் அங்கே இருந்தது துப்பாக்கி மருந்து செய்யும் இடம். இப்போது பக்கத்து ஆஸ்பத்திரியோடு 1964-ல் இணைந்து, பித்தியே சால்பெத்ரியேர் என்ற பெயரில் பெரிய மருத்துவ நகரமாகவே இருக்கிறது. 1997-ல் கார் விபத்தில் அடிபட்ட இளவரசி டயானாவைக் கொண்டு வந்ததும், அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான்.

பெண்களைப் பூட்டி வைத்த ஊர்

1656-ம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் ஓர் ஆணை போட்டார். பாரிஸ் தெருக்களில் பிச்சை எடுப்பவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் அத்தனை பேரையும் பிடித்து அடைக்க வேண்டும். ஆண்களுக்கு நகருக்கு வெளியே பிசேத்ர் என்ற இடம். பெண்களுக்கு இந்தச் சால்பெத்ரியேர். பேர்தான் ஆஸ்பத்திரி. வைத்தியம் செய்யும் எண்ணம் யாருக்கும் இல்லை. கிழவிகள், அநாதைச் சிறுமிகள், கர்ப்பிணிகள், வலிப்புக்காரிகள், புத்தி பேதலித்தவர்கள் எல்லோரும் ஒரே மதிலுக்குள். பின்னால் விலைமாதர்களை அடைக்க ஒரு சிறைச்சாலையும் சேர்ந்தது. புருஷனோ தகப்பனோ "இவள் அடங்க மாட்டேன் என்கிறாள்" என்று அதிகாரிகளிடம் முறையிட்டு ஒரு பெண்ணை உள்ளே தள்ளி விடவும் அந்தக் காலத்தில் முடிந்தது.

உள்ளே போனதும் தோட்டத்துக்கு நடுவில் கரிய எண்கோணக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் எழும்பி நிற்கிறது. 1670-களில் லிபெரால் புருவான் என்ற சிற்பி கட்டியது. உள்ளே காலடி வைத்ததும் குளிர்ச்சி, ஒரே நிசப்தம். சித்திரமோ தங்க வேலையோ அதிகம் இல்லை. நடுவில் பீடம், அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டுத் தனித்தனிக் கூடங்கள். "ஏன் அத்தை இத்தனை பிரிவு?" என்றாள் மருமகள். ஒரு பிரிவில் இருக்கும் பெண்கள் மற்றப் பிரிவினரோடு கலந்து விடக் கூடாது என்றுதான் அப்படி. எல்லோருக்கும் பூசை செய்யும் பாதிரியார் தெரிவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கடவுள் சந்நிதியில் கூட அவர்களைப் பிரித்தே நிறுத்தியிருந்தார்கள். இதை நான் சொன்னதும் குழந்தையை மார்போடு அணைத்துக் கொண்டு, "வாங்க, வெளிய போகலாம்" என்று எழுந்து விட்டாள்.

சங்கிலி அவிழ்ந்தது

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. கையில் அவிழ்த்த சங்கிலியோடு நிற்பவர் பிலிப் பினெல் என்ற டாக்டர். பிரெஞ்சுப் புரட்சி நடந்து கொண்டிருந்த 1793-ல் இவர் பிசேத்ருக்கு வந்தார்; 1795-ல் சால்பெத்ரியேருக்கு மாற்றினார்கள். பைத்தியம் பிடித்தவர்களைச் சுவரோடு சங்கிலியில் கட்டி வைத்திருந்த காலம் அது. அவர்கள் மிருகங்கள் அல்ல, நோயாளிகள். அன்பாகப் பேசி, ஒழுங்காகச் சோறு போட்டு, கவனித்துப் பார்த்தால் பலர் தேறுவார்கள் என்று அவர் எழுதினார். 1801-ல் வந்த அவருடைய நூல் ஐரோப்பா முழுவதும் மனநோய் வைத்தியத்தைத் திருப்பிப் போட்டது.

சிலை பினெலுக்கு. ஆனால் பிசேத்ரில் முதலில் சங்கிலியைக் கழற்றியவர் டாக்டரே இல்லை. ழான் பாப்திஸ்த் புஸ்ஸன் என்ற மேற்பார்வையாளர். கழுத்தில் கட்டி நோயோடு அங்கே வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். அவர் மனைவி மார்கரெட்டும் கூடவே நின்று நோயாளிகளைப் பார்த்துக் கொண்டார். பைத்தியக்காரரோடு எப்படிப் பழகுவது என்பதை இந்தத் தம்பதியிடம்தான் பினெல் கற்றார். தாம் கற்றதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். படித்த டாக்டர், படிக்காதவர்களிடம் பாடம் கேட்டதுதான் எனக்கு அந்தச் சிலையை விடப் பெரிதாகப் பட்டது.

சங்கிலி பழங்கதை என்று நாம் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி நம் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைத்திருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. பினெல் காலத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

கர்ப்பப்பை மேல் பழி

சங்கிலி போன பிறகும் வலிப்பும் மயக்கமும் ஏன் வருகின்றன என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. 1862-ல் இங்கே பொறுப்பேற்ற ஷார்கோ என்ற டாக்டர் அதைக் கையில் எடுத்தார். அப்போது ஐயாயிரம் பெண்கள் போல இங்கே இருந்தார்கள். மற்ற டாக்டர்கள் இதை ஒரு தண்டனை உத்தியோகமாக நினைக்க, இவர் மட்டும் ஒவ்வொரு படுக்கையாகப் போய், கை நடுக்கம், கால் இழுப்பு, நாக்குக் குழறல் எல்லாவற்றையும் குறித்துக் கொண்டார். நோயாளி இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்த்தார். இன்று நாம் பார்க்கின்ஸன் வியாதி என்கிறோமே, அந்தப் பெயரை நிலைநாட்டியவர் இவர்தான். நரம்பு வியாதிகளுக்கென்று உலகிலேயே முதல் பேராசிரியர் பதவியை 1882-ல் இவருக்காக ஏற்படுத்தினார்கள்.

ஆனால் ஒரு நோய் மட்டும் அவர் கத்திக்குப் பிடிபடவில்லை. அதுதான் ஹிஸ்டீரியா. திடீரென்று விழுவார்கள், வில் போல உடம்பை வளைப்பார்கள், கை கால் விழுந்து விடும், பேச்சு நின்று விடும், கண் தெரியாது. அறுத்துப் பார்த்தாலோ மூளையில் ஒரு கீறல் இல்லை. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழைய கிரேக்க வைத்தியர்கள், பெண்ணின் கர்ப்பப்பை இடம் விட்டு நகர்ந்து போய் மூச்சை அடைப்பதால்தான் இந்த ஆட்டமெல்லாம் என்று நம்பினார்கள். அவர்கள் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? கல்யாணம் செய்து வை, பிள்ளை பெறட்டும்! நம் வீட்டுப் பாட்டியும் கிரேக்க வைத்தியரும் எங்கே சந்தித்தார்களோ தெரியவில்லை, போங்கள்.

ஷார்கோ அதை ஒப்புக் கொள்ளவில்லை. இது நரம்பு மண்டலத்தின் நோய், கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆண்களுக்கும் வரும் என்று சொல்லி, ஆண் நோயாளிகளையே மேடையில் நிறுத்திக் காட்டினார். இது நடிப்பு இல்லை, நோய் என்று அவ்வளவு பெரிய டாக்டர் சொன்னது பெண்களுக்கு அன்று கிடைத்த பெரிய நியாயம்.

ஓர் ஓவியம்

அந்த மேடையைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்பத்திரியை விட்டு நதியோரமாகவே மேற்கே போக வேண்டும். மறுநாள் போனோம். பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டிடத்தில், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம், நான்கு மீட்டருக்கு மேல் அகலம் உள்ள ஓர் ஓவியம் மாட்டியிருக்கிறது. அந்த்ரே புரூயே 1887-ல் தீட்டியது. ஷார்கோ பாடம் நடத்துகிறார். பக்கத்தில் பிளான்ஷ் விட்மன் என்ற நோயாளி மயங்கிச் சாய்கிறாள். ஓர் இளம் டாக்டர் தாங்கிப் பிடித்திருக்கிறார். சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கோட்டு போட்ட ஆண்கள். நோயாளியையும் அவளைத் தாங்க வரும் தாதிகளையும் விட்டால் கூட்டத்தில் பெண்ணே இல்லை.

மருமகள்தான் முதலில் கவனித்தாள். "அத்தை, சுவத்துல பாருங்க, ஒரு படம் மாட்டியிருக்கு." ஆமாம். கேட்பவர்களின் முதுகுக்குப் பின்னால், வில்லாக வளைந்து கிடக்கும் ஒரு பெண்ணின் படம். டாக்டர்கள் திரும்பினால்தான் அது தெரியும். பிளான்ஷுக்கோ நேர் எதிரே தெரிகிறது. அடுத்து தன் உடம்பு எப்படி வளைய வேண்டும் என்பதை அந்தச் சுவரே அவளுக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறது!

ஷார்கோவின் வைத்தியத்தில் இருந்த கோளாறு அத்தனையும் அதில் அடக்கம். 1870 வாக்கில் நிஜ வலிப்புக்காரிகளையும் ஹிஸ்டீரியாக்காரிகளையும் ஒரே வார்டில் போட்டிருந்தார்கள். பக்கத்துப் படுக்கையில் பார்த்தது, டாக்டர் எதிர்பார்த்தது, ஹிப்னாடிசம் என்ற மனோவசியத்தில் அவர் சொன்னது எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்களின் உடம்பில் இறங்கி விட்டன. அவர்கள் வேண்டுமென்று நடிக்கவில்லை. அப்படிச் செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. நான்ஸி நகரத்து பெர்ன்ஹைம் என்ற டாக்டர், இது நோயின் சுபாவம் அல்ல, சொல்லிக் கொடுத்ததால் வருவது என்று அப்போதே ஆட்சேபித்தார்.

1875-ல் ஒகுஸ்தீன் என்ற சிறுமியைச் சேர்த்தார்கள். வயது பதினான்கோ பதினைந்தோ. அவள் வலிப்பை விதவிதமாகப் போட்டோ பிடித்துப் புத்தகமாகவே போட்டார்கள். அவள் மயக்கத்தில் அலறியதையும் எழுதி வைத்தார்கள். பதின்மூன்று வயதில், தன் தாய் வேலை பார்த்த வீட்டு எஜமானன் கத்தியைக் காட்டி மிரட்டித் தன்னைக் கெடுத்ததைத்தான் அந்தக் குழந்தை அலறிக் கொண்டிருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொண்டார்கள். ஆனால் அதுதான் நோய்க்குக் காரணமாக இருக்குமோ என்று உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. 1880-ல் அவள் ஆண் உடை போட்டுக் கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு ஓடிப் போனாள். ஓவியத்தில் இருக்கும் பிளான்ஷ், 1893-ல் ஷார்கோ இறந்த பிறகு அங்கேயே போட்டோ கூடத்திலும், பிறகு எக்ஸ்ரே பிரிவிலும் வேலை பார்த்தாள். கதிர்களின் ஆபத்து சரியாகத் தெரியாத காலம். கை புண்ணாகி அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. 1913-ல் இறந்தாள்.

குழந்தையின் கட்டை விரல்

ஓவியத்தில் பிளான்ஷைத் தாங்கிப் பிடித்திருக்கும் இளம் டாக்டரின் பெயர் பாபின்ஸ்கி. இவர் 1896-ல் ஒரு சின்னச் சங்கதியைக் கண்டு பிடித்துச் சொன்னார். உள்ளங்காலின் வெளி ஓரத்தைக் குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கீறினால், ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் கட்டை விரல் கீழ் நோக்கி மடங்கும். மூளையிலோ தண்டுவடத்திலோ பழுது இருந்தால் மேலே எழும்பும். ஹிஸ்டீரியாவால் கால் விழுந்தவர்களுக்கு அது மேலே போவதில்லை. ஒரு சாவி நுனி போதும். எது நரம்பு அறுந்ததால் வந்த வாதம், எது அப்படி இல்லை என்று பிரித்து விடலாம்!

கைக்குழந்தைகளுக்கு இயற்கையாகவே கட்டை விரல் மேலேதான் போகும். நரம்புப் பாதை இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் மாறி விடும். தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் காலுறையைக் கழற்றி, நகம் படாமல் விரலால் மெதுவாகக் கோடு போட்டேன். கட்டை விரல் ஜம்மென்று எழுந்தது. மற்ற விரல்கள் விசிறி போல விரிந்தன. "ஐயோ, தினம் எண்ணெய் தேய்க்கறப்ப பாப்பேனே, இதுக்கு ஒரு பேரு இருக்கா!" என்று மருமகளுக்கு ஒரே ஆச்சரியம். பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக் குளிப்பாட்டுகிற ஒவ்வொரு தாயும் பார்த்திருப்பதுதான் இது.

கேட்க ஒருவர் வந்தார்

பாபின்ஸ்கி பிரித்துக் காட்டினார், சரி. நரம்பு கெடாமலே ஒருத்தி ஏன் விழுகிறாள்? இதற்கு விடை தேடியவர் பியர் ஜானே. தத்துவ வாத்தியார், 1889-ல் மனம் தானாகச் செய்யும் செயல்களைப் பற்றி ஆய்வு நூல் எழுதி, ஷார்கோவின் ஆதரவில் சால்பெத்ரியேருக்கே வந்து சேர்ந்தார். நாம் அறிந்து நினைப்பது மட்டும் மனம் இல்லை. பிரக்ஞைக்கு அடியிலும் எண்ணங்கள் ஓடுகின்றன. தாங்க முடியாத அதிர்ச்சி வரும்போது ஒரு நினைவு தனியே கழன்று போய், நமக்குத் தெரியாமலே உடம்பை ஆட்டி வைக்கிறது என்றார்.

அவர் ஐரீன் என்ற பெயரில் எழுதிய ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். இருபது வயதைத் தாண்டியவள். க்ஷயரோகத்தில் கிடந்த தாய்க்கு இரவு பகல் தூக்கமில்லாமல் அறுபது நாள் பணிவிடை செய்தாள். தாய் இறந்த இரவு, செத்த உடம்பை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் மருந்து ஊற்றிப் பார்த்தாள். அதன் பிறகு அவளுக்கு அந்த இரவே ஞாபகம் இல்லை. "அம்மா போயிருந்தா நான் அழுதிருப்பேனே!" என்று வாதாடினாள். சவ ஊர்வலத்தில் சிரித்தாள். "நெஞ்சு கல்" என்று ஊர் ஏசியிருக்கும். ஆனால் காலியான கட்டில் ஒன்று கண்ணில் பட்டு விட்டால் போதும், பிரக்ஞை மாறிப் போகும். இல்லாத தாயை நிமிர்த்தி, இல்லாத மருந்தைப் புகட்டி, அந்த இரவு முழுவதையும் மணிக்கணக்கில் திரும்ப நடத்துவாள். விழித்தால் ஒன்றும் தெரியாது.

ஜானே மாதக்கணக்கில் அவளோடு பேசினார். அந்த இரவைத் துண்டு துண்டாக அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். கடைசியில் அவள், என் தாய் இறந்து விட்டாள் என்று தானே சொல்லி அழுதாள். வலிப்பு போல வந்த ஆட்டம் நின்றது. நடந்ததைக் கதையாகச் சொல்ல முடிகிற வரை அது நினைவே ஆகாது, வெறும் ஆட்டம்தான் என்பது ஜானேயின் முடிவு.

ஷார்கோவின் பாடம் கேட்க 1885 அக்டோபரில் வியன்னாவிலிருந்து ஒரு டாக்டர் வந்து சில மாதம் தங்கினார். அவர்தான் சிக்மண்ட் ஃப்ராய்டு. ஊர் திரும்பி, தம் மூத்த மகனுக்கு ஷார்கோவின் பெயரையே வைத்தார். புரூயே ஓவியத்தின் அச்சுப் பிரதியை லண்டனில் இருந்த கடைசிக் காலம் வரை நோயாளி படுக்கும் சோபாவுக்கு மேல் மாட்டியிருந்தார். அவரும் கேட்கும் வைத்தியத்தைத்தான் வளர்த்தார். அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் சூட்டியது டாக்டர்கள் அல்ல. வியன்னாவில் அவர் நண்பர் ப்ராயரிடம் சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற பெண்தான். பிற்காலத்தில் யூதப் பெண்களுக்கென்று ஒரு பெரிய சங்கத்தையே ஆரம்பித்தவர் அந்த அம்மாள்.

இன்று

1924-ல் ஜெர்மனியில் ஹன்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன் முதலில் பதிவு செய்தார். 'ஈ.ஈ.ஜி.' என்று நம் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது இதுதான். காக்காய் வலிப்பு என்பது மூளையில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஹிஸ்டீரியா என்ற பெயரை 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் கைவிட்டது. இன்று அதன் பெரும் பகுதியை நரம்பின் செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். வீணையில் தந்தி அறவில்லை, சுருதி கலைந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது நோய்தான், நடிப்பு இல்லை. அதற்கும் வைத்தியம் உண்டு.

சால்பெத்ரியேரில் 2010-ல் ஒரு பெரிய மூளை ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். கோமாவுக்குப் பின் கண் திறந்தும் பேச்சு மூச்சு இல்லாமல் கிடப்பவர்களுக்கு உள்ளே பிரக்ஞை இருக்கிறதா என்று பார்க்க இந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் சேர்ந்து செய்த ஒரு சோதனை 2009-ல் வெளியாயிற்று. காதில் 'பிப், பிப்' என்று ஐந்தைந்து ஒலிகளைக் கேட்க வைக்கிறார்கள். ஐந்தாவது ஒலி மாறினால் தன்னறியாத மூளையும் கண்டு கொள்ளும். ஆனால் வழக்கமான அந்த வரிசையே மாறி விட்டது என்பதைக் கண்டு கொள்ள, உள்ளே ஒருவர் விழித்துக் கேட்டுக் கொண்டிருக்க வேண்டும். 2006-ல் இங்கிலாந்தில், விபத்துக்குப் பின் அசைவே இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், "உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக் கொள்" என்றார்கள். நல்ல நினைவோடு இருப்பவர்களுக்கு வேலை செய்யும் அதே மூளைப் பகுதிகள் அவளுக்கும் வேலை செய்தன! 'அவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று கட்டில் அருகில் நின்று எதையும் பேசி விடக் கூடாது என்பதற்கு இதை விட வேறு என்ன சாட்சி வேண்டும்?

நம் வீட்டில்

இத்தனை கதையும் சொன்னது சமையலறைக் கதவு வரை கொண்டு வந்து விடத்தான். யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தலைக்கடியில் மடித்த புடவையை வைத்து, கழுத்தருகே இறுக்கத்தைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, முதல் தடவை என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்த வகை வலிப்பு என்று பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. மாமியார் வேலையும் அல்ல, மந்திரவாதி வேலையும் அல்ல.

வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை, முறையாக மருந்து சாப்பிட்டால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சில மாத்திரைகள் வயிற்றில் வளரும் சிசுவைப் பாதிக்கும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். தாங்களாக மருந்தை நிறுத்தவே கூடாது. வலிப்பு இருந்தால் கல்யாணத்தை ரத்துச் செய்யலாம் என்று ஹிந்து திருமணச் சட்டத்தில் இருந்த வார்த்தையை 1999-லேயே எடுத்து விட்டார்கள். சட்டத்திலிருந்து போனது, பெண் பார்க்க வருகிறவர்களின் பேச்சிலிருந்து போகவில்லை.

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, "மூளையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி விட்டால், "பார்த்தாயா, வேஷம்தான்" என்று கிளம்பி விடாதீர்கள். அங்கேதான் நம் வேலை ஆரம்பம். அவளைத் தனியே உட்கார வைத்து, "உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் உடனே வராது. ஐரீனுக்கு மாதங்கள் ஆயின. நம்மால் முடியாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. ஒகுஸ்தீன் அலறியது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணிடம் கேட்க நாம் இருக்கிறோம்.